பனிக்குடம் உடைந்தும் வலி வரவில்லை: காத்திருப்பதா, மருந்து கொடுத்து வலியை வரவழைப்பதா?

நிறைமாதத்தில் பனிக்குடம் உடைகிறது, நீர் போகிறது, வலியை மட்டும் காணோம். இந்த நிலையில் மருத்துவமனைக்குப் போனால் வீட்டார் முதலில் கேட்பது, "சுகப்பிரசவமா, சிசேரியனா?" என்றுதான். ஆனால் அந்த நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவு அது இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு முன்னால் இருப்பது வேறு கேள்வி. வலி தானாக வரும்வரை சில மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதா, இல்லை மருந்து கொடுத்து இப்போதே வலியைத் தொடங்கிவிடுவதா? சிசேரியனை இந்த இரண்டோடும் சமமாக வைத்துப் பேசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பனிக்குடம் உடைந்தது என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. அதற்குத் தனிக் காரணம் வேண்டும். அந்தக் காரணங்களைப் பின்னால் சொல்கிறேன்.

37 வாரம் நிறைந்த கர்ப்பங்களில் நூற்றில் சுமார் 8 பேருக்கு வலிக்கு முன்பே பனிக்குடம் உடைகிறது. அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி எடுத்துவிடும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் அடங்கும். அதற்காக வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீர் போனது தெரிந்ததுமே, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவமனையில் போய்க் காட்டிவிட வேண்டும். காத்திருப்பதா வேண்டாமா என்ற பேச்சு அந்தப் பரிசோதனைக்கு அப்புறம்தான்.

முடிவுக்கு முன்னால்

சிலருக்குக் குபுக்கென்று கொட்டிவிடும், சந்தேகமே இருக்காது. சிலருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும். சிறுநீரா, வெள்ளைப்படுதலா, பனிக்குட நீரா என்று அவர்களுக்கே தெரியாது. சுத்தமான ஒரு பேடை வைத்துக்கொண்டு, எந்த நேரத்திலிருந்து கசிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேடைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போனால் நிறத்தையும் வாடையையும் மருத்துவரே பார்த்துக்கொள்வார்.

கிருமி நீக்கிய ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து மருத்துவர் உள்ளே பார்ப்பார். கருப்பை வாய்க்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. தேங்கியிருக்காவிட்டால் ஒரு முறை இருமச் சொல்வார். இருமும்போது கருப்பை வாயிலிருந்து நீர் வழிவது கண்ணுக்குத் தெரியும். அப்போதும் உறுதியாகவில்லை என்றால் நைட்ரசின் தாளில் தொட்டுப் பார்ப்பார்கள். பிறப்புறுப்பின் இயல்பான ஈரம் அமிலத்தன்மை உள்ளது, பனிக்குட நீர் காரத்தன்மை உள்ளது. அதனால் மஞ்சள் தாள் நீலமாக மாறும். ரத்தமோ விந்துவோ கலந்திருந்தாலும் நீலமாகலாம் என்பதால் தாளை மட்டும் நம்பிவிட முடியாது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பனிக்குட நீர் பெரணி இலை மாதிரி கிளைகிளையாகப் படிந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வலியே இல்லாத பெண்ணுக்கு விரல் விட்டுச் செய்யும் பரிசோதனை அவசியம் இருந்தால் தவிர வேண்டாம். ஒவ்வொரு முறை விரல் உள்ளே போகும்போதும் கீழே இருக்கும் கிருமிகள் மேலே ஏற வழி கிடைக்கிறது. பின்னால் சொல்லப்போகும் பெரிய ஆய்வின் தரவுகளை அலசியபோது, கருப்பைக்குள் தொற்று வருவதற்கான காரணங்களில் இந்தப் பரிசோதனைகளின் எண்ணிக்கைதான் முதலிடத்தில் வந்தது. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எல்லோரும் எண்ணுகிறோம். எத்தனை முறை விரல் விட்டுப் பார்த்தார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. இதையும் எண்ண வேண்டும்.

கூடவே குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, இடுப்புக்குள் இறங்கியிருக்கிறதா, இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா, தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீர் தெளிவாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, தலை கீழே இருந்து, துடிப்பும் நன்றாக இருந்தால்தான் இரண்டு வழியும் திறந்திருக்கின்றன.

காத்திருந்தவர்களும் காத்திருக்காதவர்களும்

இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிகப் பெரிய பதில் 1996ல் வந்தது. கனடாவைச் சேர்ந்த மேரி ஹன்னாவின் தலைமையில் ஆறு நாடுகளில் 5041 பெண்களை வைத்து நடந்த 'டெர்ம்புரோம்' ஆய்வு அது. நிறைமாதத்தில் பனிக்குடம் உடைந்த பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனே கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் டிரிப்ஸ், இன்னொரு பகுதியினருக்கு உடனே கருப்பை வாயை மிருதுவாக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஜெல். மீதிப் பேர் நான்கு நாள் வரை காத்திருந்தார்கள். அதற்குள் வலி வராவிட்டாலோ சிக்கல் தெரிந்தாலோதான் அவர்களுக்கு மருந்து.

குழந்தைக்குத் தொற்று வந்த விகிதம் எல்லாப் பிரிவிலும் 2 முதல் 3 சதவீதத்துக்குள்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. சிசேரியன் விகிதமும் அப்படித்தான், 9.6 முதல் 10.9 சதவீதம் வரை. வித்தியாசம் தெரிந்தது தாயின் உடம்பில். உடனே ஆக்சிடோசின் போட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குக் கருப்பைக்குள் தொற்றின் அறிகுறிகள் வந்தன. அதோடு ஒப்பிடப்பட்ட, காத்திருந்த பிரிவில் அது 8.6 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்.

2017ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 23 ஆய்வுகளையும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோதும் விஷயம் இதே பக்கம்தான் சாய்ந்தது. சீக்கிரம் வலியை வரவழைத்தால் தாய்க்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் குறைகிறது. சிசேரியன் கூடவில்லை. சேர்த்துப் பார்த்த ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை, ஆனாலும் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

"வலி ஊசி போட்டா கடைசியில ஆபரேஷன்லதான் முடியும்" என்று பலரும் சொல்கிறார்கள். இந்தப் பயத்தால் எத்தனையோ பெண்கள் தொற்று வரும்வரை காத்திருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். பனிக்குடம் உடைந்த நிலையைப் பொறுத்தவரை இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. நேரம் கொடுத்து, முறையாகச் செய்தால் மருந்தால் அறுவை கூடுவதில்லை.

அப்படியானால் காத்திருப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது. தானாக வரும் வலி மெல்ல ஏறும். எழுந்து நடக்கலாம், விருப்பம்போல் உட்காரலாம், படுக்கலாம். மருந்தால் வரும் வலி சிலருக்குச் சட்டென்று பலமாக வந்துவிடும், வலி நிவாரணி கேட்க வேண்டிவரும். குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து கருவியில் பார்க்க வேண்டியிருப்பதால் நடமாட்டம் குறையும். மருந்து அளவு கூடினால் கருப்பை இடைவெளி விடாமல் சுருங்கிக் குழந்தைக்குப் பிராணவாயு குறையலாம், அப்போது மருந்தை நிறுத்துவார்கள். முதல் பிரசவத்தை இயல்பாகக் கடக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெண்ணுக்கு இவையெல்லாம் சின்ன விஷயமில்லை. அந்த ஆசையை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது.

அதனால்தான் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், 24 மணி நேரம் வரை காத்திருப்பதா உடனே வலியைத் தூண்டுவதா என்ற தேர்வைப் பெண்ணிடமே கொடுக்கிறது. அதில் சொல்லப்படும் இன்னொரு கணக்கு: குழந்தைக்குக் கடும் தொற்று வரும் வாய்ப்பு, பனிக்குடம் உடையாமல் இருந்தால் 0.5 சதவீதம், இப்படி முன்னதாக உடைந்தால் 1 சதவீதம். இரண்டு மடங்கு என்று கேட்டால் மனசு பதறும். நூறு பேரில் 99 குழந்தைகளுக்கு வருவதில்லை என்பதும் அதே கணக்குதான். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் வலியைத் தூண்டுவதைப் பரிந்துரைக்கிறது. ஆனாலும் விவரம் சொன்ன பிறகு பெண் விரும்பினால் 12 முதல் 24 மணி நேரம் பொறுப்பது நியாயமே என்கிறது.

என்னைக் கேட்டால், எல்லாம் சரியாக இருக்கும் பெண் முதல் 12 மணி நேரத்தை உடம்புக்கு விட்டுக்கொடுக்கலாம். ஒரு நாளைத் தாண்டிக் காத்திருப்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. வந்த உடனேயே தூண்டச் சொல்லும் பெண்ணின் முடிவும் அதே அளவு சரியானது. டெர்ம்புரோம் ஆய்விலேயே, உடனே தூண்டப்பட்ட பெண்கள்தான் தங்கள் அனுபவத்தைப் பற்றிக் கூடுதல் திருப்தியோடு பேசினார்கள்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். துர்நாற்றம், 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல், வயிற்றைத் தொட்டால் வலி, தாயின் நாடித்துடிப்பு வேகம், குழந்தையின் துடிப்பு 160ஐத் தாண்டியே நிற்பது, அசைவு குறைவது, புது ரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தேர்வு முடிந்துவிட்டது, பிரசவத்தை நடத்தியாக வேண்டும். பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருப்பதாகக் கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரிந்திருந்தால், பென்சிலின் வகை மருந்தை நரம்பில் ஏற்றி, தாமதிக்காமல் வலியைத் தூண்டுவதே நல்லது. இந்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை, அதனால் செய்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவை எதற்கும் மேலான அவசரம் ஒன்று உண்டு. தலை இறங்காமல் இருக்கும்போது, அல்லது குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால், தொப்புள்கொடி நழுவி முன்னால் வந்துவிடலாம். பிறப்புறுப்பில் கயிறு போல ஏதோ தட்டுப்பட்டாலோ வெளியே தெரிந்தாலோ அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. முழங்காலும் முழங்கையும் தரையில் படும்படி, இடுப்பு உயரவும் தலை தாழவும் குப்புற இருந்துகொண்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இங்கே ஒவ்வொரு நிமிடமும் குழந்தையின் உயிர்.

காத்திருப்பதென்றால் எப்படி

விழித்திருக்கும் நேரமெல்லாம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காய்ச்சல் பார்க்க வேண்டும். பேடை மாற்றும்போதெல்லாம் நிறத்தையும் வாடையையும் பார்க்க வேண்டும். குழந்தையின் அசைவில் கவனம் இருக்க வேண்டும். குளிக்கலாம், அதனால் தொற்று கூடுவதில்லை. உடலுறவு கூடாது. உள்ளே எதையும் வைக்கவும் கூடாது. வீட்டில் காத்திருப்பதா, மருத்துவமனையிலா என்றால் நான் மருத்துவமனை என்றே சொல்வேன். அதே பெரிய ஆய்வில் வீட்டில் காத்திருந்தவர்களின் குழந்தைகளுக்குத் தொற்று கூடுதலாக இருந்தது.

"தண்ணியெல்லாம் போயிடுச்சே, குழந்தை உள்ள காய்ஞ்சு போயிடாதா?" என்று கேட்காத வீடில்லை. காயாது. இந்த மாதத்தில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது ஊறிக்கொண்டே இருக்கும், கசிந்துகொண்டும் இருக்கும். 'தண்ணீர் வற்றிவிட்டது' என்ற ஒரே சொல்லைக் கேட்டு அவசர அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். குழந்தையின் துடிப்பில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேளுங்கள்.

நிறைமாதத்தில், தொற்றுக்கான அறிகுறியே இல்லாத எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் கொடுப்பதை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

தூண்டுவதென்றால் எப்படி

கருப்பை வாய் மிருதுவாகி இருந்தால் ஆக்சிடோசின் டிரிப்ஸே போதும். இறுக்கமாக இருந்தால் முதலில் புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்து. வாய்வழி மிசோப்ரோஸ்டால் என்றால் 25 மைக்ரோகிராம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற சிறு அளவில். முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது, பழைய தையல் பிரியும் ஆபத்து உண்டு. அவருக்கு இன்னும் சிறிது காத்திருப்பதா, கவனமாக ஆக்சிடோசின் கொடுப்பதா, மறுபடி அறுவையா என்பதைத் தனியே உட்கார்ந்து பேச வேண்டும்.

சிசேரியன் கூடுவதும் கூடாததும் இதன் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. ஆறேழு மணி நேரம் டிரிப்ஸ் ஓடியும் கருப்பை வாய் திறக்கவில்லை என்று 'வலி ஏறவில்லை, அறுவைதான்' என்று முடிவெடுத்தால் அது அவசரம். பனிக்குடம் உடைந்த நிலையில், தாயும் சேயும் நலமாக இருந்தால், குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் ஆக்சிடோசின் கொடுத்துப் பார்த்த பிறகே தூண்டல் தோற்றது என்று சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2014ல் சொன்ன அளவுகோல். குடும்பத்தில் ஒருவராவது இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். "டாக்டர், டிரிப்ஸ் ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? குழந்தை நல்லா இருக்குன்னா இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

நேரடியாக அறுவைதான் என்று சொல்வதற்கான காரணங்கள் வேறு. குழந்தை குறுக்கே கிடப்பது, நஞ்சுக்கொடி வழியை அடைத்திருப்பது, கொடி நழுவியது, துடிப்பு மோசமாவது, முந்தைய அறுவையில் கருப்பை நெடுக்குவாட்டில் வெட்டப்பட்டிருப்பது, பிறப்புறுப்பில் புதிதாக ஹெர்பிஸ் கொப்புளங்கள் இருப்பது. குழந்தை கால் கீழாக இருந்தாலும் பெரும்பாலும் அறுவைதான். இவற்றில் ஒன்று இருந்தால் தயங்க வேண்டாம்.

நாள் நிறையாமல் உடைந்தால்

37 வாரத்துக்கு முன் உடைந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அங்கே தொற்று ஒரு பயம், குறைமாதம் இன்னொரு பயம். 34 முதல் 36 வாரத்தில் உடைந்த 1839 பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2016ல் 'லான்செட்' இதழில் வந்தது. உடனே பிரசவம் செய்தபோது குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று 2 சதவீதம், காத்திருந்தபோது 3 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் உடனே பிறந்த குழந்தைகளில் 8 சதவீதம் பேருக்கு மூச்சுத்திணறல், காத்திருந்தவர்களில் 5 சதவீதம். சிசேரியனும் 26க்கு 19 என்று காத்திருந்தவர்களுக்கே குறைவு. அவர்களுக்கு ரத்தப்போக்கும் காய்ச்சலும் சற்றுக் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். தொற்று அறிகுறி இல்லாமல், நெருக்கமான கண்காணிப்பும் இருந்தால் இந்த வாரங்களில் 37 வரை இழுத்துப்போக முயல்வதே மேல் என்று நினைக்கிறேன். பி பிரிவுக் கிருமி இருந்தால் கணக்கு மாறும்.

34 வாரத்துக்குக் கீழே என்றால், சிக்கல் இல்லாதவரை காத்திருப்பதுதான் வழி, அதுவும் பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி, தொற்றைத் தள்ளிப்போட ஆன்டிபயாடிக், இன்னும் இளம் வாரங்களில் பிரசவம் நெருங்கினால் குழந்தையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்பேட். ஆன்டிபயாடிக்கிலும் தேர்வு உண்டு. எரித்ரோமைசின் கொடுக்கலாம். அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்து, குறைமாதக் குழந்தையின் குடல் அழுகும் நோயைக் கூட்டுவதாக 2001ல் வந்த ஆரக்கிள் ஆய்வு காட்டியது. அதனால் அது இங்கே கூடாது.

பிறந்த பிறகு

எந்த வழியில் பிறந்தாலும், பனிக்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் குழந்தையை முதல் 12 மணி நேரம் அடிக்கடி பார்க்க வேண்டும். நிறம், மூச்சு, உடல் சூடு, இதயத் துடிப்பு, பால் குடிப்பது எல்லாம் அதில் அடக்கம். நன்றாக இருக்கும் நிறைமாதக் குழந்தைக்கு, நேரம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஊசி போடத் தேவையில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் முதல் ஐந்து நாள் கவனம் வேண்டும். பாலுக்கு எழாமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வேகமாக இரைத்தாலோ, முனகினாலோ, உடம்பு சுட்டாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டிருந்தாலோ விடியட்டும் என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். போனதும் முதல் வார்த்தையாக, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம் கழித்துக் குழந்தை பிறந்தது என்பதைச் சொல்லுங்கள். தாய்க்குக் காய்ச்சலோ துர்நாற்றமுள்ள போக்கோ வந்தால் அவருக்கும் இதே அவசரம்தான்.